ராத்திரி நாயை வாசலில் கட்டாதீர்கள்: மலையில் நாய் வளர்ப்பவர்கள் தவிர்க்க வேண்டியவை

குன்னூர், கோத்தகிரி பக்கம் நாய் வளர்க்கிற பலர் செய்யும் பெரிய தவறு, காவலுக்கு என்று ராத்திரி முழுக்க அதை வாசலில் சங்கிலி போட்டுக் கட்டிவைப்பதுதான். தேயிலைத் தோட்டத்தை ஒட்டிய வீடு என்றால் சிறுத்தை வந்து போவது புதுசில்லை, நாய் அதற்குச் சுலபமான இரை, அதிலும் கட்டிப்போட்ட நாய்க்கு ஓடவும் வழியில்லை ஒளியவும் வழியில்லை. குரைத்தால் சிறுத்தை பயந்துவிடும் என்று நம்பாதீர்கள். அந்தச் சத்தமே நாய் இருக்கிற இடத்தைக் காட்டிக்கொடுத்துவிடும். இருட்டுவதற்கு முன் வீட்டுக்குள் கொண்டுவந்துவிடுங்கள். உள்ளே இடமில்லை என்றால் மேலேயும் கம்பி அடித்த, தாழ்ப்பாள் உறுதியான கூண்டு வேண்டும், மேல்பக்கம் திறந்திருந்தால் சிறுத்தை ஏறிக் குதித்துவிடும். விடியற்காலை மூடுபனியில் கதவைத் திறந்து தனியாக விடுவதும் அதே ஆபத்துதான்.

மிச்சச் சோற்றைத் தட்டோடு வெளியே விடாதீர்கள், கரடியும் காட்டுப்பன்றியும் தேடி வரும். கரடி ஒருமுறை ருசி கண்டுவிட்டால் தெருவுக்கே தொல்லை.

அப்புறம் குளிர். ஊட்டியில் டிசம்பர், ஜனவரியில் உறைபனி விழும்போது, ரோமம்தான் இருக்கிறதே என்று வெறும் சிமெண்ட் தரையில் படுக்கவிடாமல் பலகை போட்டு மேலே பழைய கம்பளி விரியுங்கள். ஆனால் கதவு, ஜன்னல் அடைத்த அறையில் கரி அடுப்பு மூட்டவே கூடாது. அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. நாயோடு சேர்த்து வீட்டில் இருப்பவர்களின் உயிரும் தூக்கத்திலேயே போய்விடும்.

தொட்டால் சூடாக இருக்கிறது என்று பாரசிட்டமால் கொடுத்துவிடாதீர்கள். நாயின் இயல்பான உடல் சூடே 101 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட். நாமாகக் கொடுக்கும் அந்த மாத்திரை அதன் கல்லீரலைக் கெடுக்கும், பூனைக்கோ ஒரே மாத்திரை உயிரை எடுத்துவிடலாம்.

வீட்டு நாய்தானே என்று வெறிநோய்த் தடுப்பூசியைத் தள்ளிப்போடாதீர்கள். குன்னூரில் 1907இல் பாஸ்டர் நிறுவனம் வந்ததே இந்த நோய்க்காகத்தான். அறிகுறி தெரிந்துவிட்டால் பிழைப்பது அநேகமாக நடக்காது. குட்டிக்கு மூன்று மாதத்தில் முதல் ஊசி, பிறகு கால்நடை மருத்துவர் சொல்கிறபடி. எந்த நாய் கடித்தாலும், பல் லேசாகக் கீறினாலும், மஞ்சளோ சுண்ணாம்போ தடவாமல் ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவி, அன்றைக்கே அரசு மருத்துவமனைக்குப் போங்கள், வலி போய்விட்டது என்று தடுப்பூசியைப் பாதித் தவணையில் நிறுத்தாதீர்கள்.