படம் டிவியில், சத்தம் செட்டில்: ஹோம் தியேட்டருக்கு வயர் கொடுக்கும் முறை

திருகோணமலை உவர்மலையில் இருக்கும் என் பெரியம்மா வீட்டில் போன மாதம் நடந்தது இது. கட்டாரிலிருந்து வந்த மகன் ஒரு ஹோம் தியேட்டர் செட் கொண்டுவந்திருந்தான். ஐந்து ஸ்பீக்கர், ஒரு சப் வூஃபர், எல்லாம் ஹோலில் வடிவாக அடுக்கியாயிற்று. "தம்பி, எல்லா வயரும் குத்தியாச்சு, சத்தம் மட்டும் டிவிக்குள்ள இருந்துதான் வருது, இதுக்கா இவன் இவ்வளவு காசு குடுத்தவன்?" என்று பெரியம்மா போனில் கேட்டார். போய்ப் பார்த்தால் எச்டிஎம்ஐ வயரை டிவியின் முதலாவது துளையில் குத்தியிருந்தார்கள். டிவியின் சத்தத்தைச் செட்டுக்குத் திருப்பி அனுப்பும் ஏஆர்சி என்று எழுதியிருந்தது இரண்டாவது துளையில். மாற்றிக் குத்தி, டிவி செட்டிங்கில் இரண்டு இடத்தைத் தொட்டதோடு சரி. அதைவிடப் பிளேன்டீ குடிக்கத்தான் கன நேரம் எடுத்தது.

அதனால் வயரைக் கையில் எடுக்க முதல் ஒரு கடதாசியை எடுங்கள். படம் எந்தப் பெட்டியில் தொடங்கி டிவிக்கு வருகிறது, சத்தம் எங்கே தொடங்கி ஸ்பீக்கருக்குப் போகிறது, இரண்டுக்கும் தனித்தனியாகக் கோடு போடுங்கள். ஒவ்வொரு கோடும் ஒரு பெட்டியின் அவுட்டில் கிளம்பி அடுத்ததன் இன்னில் போய் முடியவேண்டும். டிவிடி பிளேயரோடு சேர்ந்து வரும் செட்களில் பெரும்பாலும் ஒரேயொரு எச்டிஎம்ஐ துளைதான், அதுவும் அவுட். அதில் டிஷ் பொக்ஸைக் கொண்டுபோய்க் குத்தினால் இரண்டு அவுட்டும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு சும்மா இருக்கும். டிவிக்குப் பின்னால் உள்ள மஞ்சள், வெள்ளை, சிவப்புத் துளைகளும் இப்போதைய டிவிகளில் அநேகமாக இன் மட்டும்தான். அங்கிருந்து செட்டுக்குச் சத்தம் எடுக்கப் பார்த்து ஒரு பின்னேரத்தையே தொலைத்தவர்களை எனக்குத் தெரியும், அதில் நானும் ஒருவன்.

டிவி, செட் இரண்டிலும் ஏஆர்சி இருந்தால் வேறு எதையும் யோசிக்க வேண்டாம். 2009இல் எச்டிஎம்ஐ 1.4 உடன் வந்த வசதி இது. ஒரே வயரில் செட்டிலிருந்து டிவிடி படம் டிவிக்குப் போகும், டிவியின் சத்தம் அதே வயரால் செட்டுக்குத் திரும்பி வரும். ஆனால் டிவியில் மூன்று நான்கு எச்டிஎம்ஐ துளை இருந்தாலும் ஏஆர்சி வழக்கமாக ஒன்றில் மட்டும்தான் வேலை செய்யும், அது எத்தனையாவது துளை என்பது டிவிக்கு டிவி மாறும். டோர்ச் அடித்துப் பக்கத்தில் எழுதியிருப்பதைப் பாருங்கள். ஈஏஆர்சி என்று இருந்தால் இன்னும் நல்லது, புளூரே தட்டில் வரும் சுருக்காத ஒலிகூட அதன் வழியாகப் போகும்.

குத்திவிட்டால் போதாது. முதலில் சிஇசி என்ற வசதியை, அதாவது எச்டிஎம்ஐ வயரால் ஒரு பெட்டி மற்றதை இயக்கும் வசதியை, டிவியிலும் செட்டிலும் ஒன் பண்ணவேண்டும். ஒவ்வொரு கம்பனியும் அதற்கு ஒரு செல்லப்பெயர் வைத்திருக்கிறது: சாம்சங்கில் எனிநெட் பிளஸ், எல்ஜியில் சிம்ப்லிங்க், சோனியில் பிராவியா சிங்க். அப்புறம் டிவியின் சவுண்ட் மெனுவில் ஓடியோ அவுட்புட்டை டிவி ஸ்பீக்கரிலிருந்து ரிசீவர் அல்லது எச்டிஎம்ஐ ஏஆர்சி என்று மாற்றுங்கள். பெரியம்மா வீட்டில் நான் தொட்ட இரண்டு இடமும் இவைதான். அதே மெனுவில் டிஜிட்டல் அவுட்புட் என்று இன்னொரு வரி இருக்கும். அது பிசிஎம்மில் கிடந்தால் பெரும்பாலும் இரண்டு சானல் சத்தம்தான் வெளியே போகும், பின் ஸ்பீக்கர் இரண்டும் ஊமையாக இருக்கும். ஓட்டோ, பிட்ஸ்ட்ரீம், பாஸ் த்ரூ, டொல்பி டிஜிட்டல் இவற்றில் எது இருக்கிறதோ அதைப் போடுங்கள். பென் டிரைவில் ஏற்றிய படத்துக்கு மட்டும் சத்தமே வரவில்லை, மற்றதெல்லாம் சரி என்றால் வயரைக் கழற்ற வேண்டாம். அந்தப் படத்தின் ஒலி டொல்பி மாதிரியே இன்னொரு வகையான டிடிஎஸ்ஸாக இருக்கலாம், சில டிவிகள் அதை எடுக்காது. பென் டிரைவை செட்டிலேயே குத்திப் பாருங்கள்.

ஏஆர்சி இல்லையா, ஓப்டிகல் வயர் போதும். மெல்லிய கறுப்பு வயர், கரண்ட் இல்லை, வெளிச்சத்தால்தான் ஒலியைக் கொண்டுபோகிறது. புது வயரின் இரண்டு முனையிலும் நகத்தளவு பிளாஸ்டிக் மூடி ஒன்று இருக்கும், கண்ணாடிபோலத் தெளிவாக இருப்பதால் கண்ணுக்குப் படாது. அதைக் கழற்றாமல் அழுத்தி அழுத்திப் பார்த்துவிட்டு வயர் பழுது என்று கடைக்குத் திரும்பக் கொண்டுபோகிறவர்கள் இருக்கிறார்கள். கழற்றி, டிவிப் பக்கம் குத்தி, மறுமுனையைப் பாருங்கள், சிவப்பு வெளிச்சம் தெரிந்தால் வயர் சரி. இதில் 5.1 டொல்பி டிஜிட்டல் வரைக்கும் போகும். வயரை அலுமாரிக்குப் பின்னால் கூர்மையாக மடித்துவிடாதீர்கள்.

அதுவும் இல்லாத பழைய செட் என்றால் டிவியின் ஹெட்போன் துளையிலிருந்து செட்டின் ஓக்ஸ் துளைக்கு வெள்ளை, சிவப்பு வயர் கொடுக்கலாம். இரண்டு சானல்தான் வரும். செட்டில் புரோ லொஜிக் இருந்தால் அதைப் போட்டு ஐந்து ஸ்பீக்கருக்கும் பிரித்துக்கொள்ளலாம், கேட்கிற அளவுக்கு இருக்கும்.

டிஷ் பொக்ஸ், பிளேஸ்டேஷன் எல்லாவற்றையும் எங்கே குத்துவது? ஏஆர்சியோ ஓப்டிகலோ கொடுத்தாயிற்று என்றால் எல்லாவற்றையும் டிவியிலேயே குத்துங்கள், சத்தம் தானாகச் செட்டுக்கு வரும். நாலைந்து எச்டிஎம்ஐ இன் உள்ள பெரிய ரிசீவர் வைத்திருப்பவர்கள் மட்டும் எல்லாவற்றையும் ரிசீவரில் குத்தி, அங்கிருந்து ஒரு வயரை டிவிக்குக் கொண்டுபோகலாம். வீட்டில் வயதானவர்கள் செய்தி பார்ப்பதாக இருந்தால் முதல் வழியே என் தெரிவு. ரிமோட் குறைவு, போன் அழைப்பும் குறைவு.

இனி ஸ்பீக்கர் வயர். நம்மூருக்கென்றே ஒரு தொல்லை இதில் இருக்கிறது. கடற்காற்று படும் வீட்டில், உப்புவெளி, திருக்கடலூர் பக்கமெல்லாம், செப்பு வயரின் வெறும் முனை நாளடைவில் கறுத்துப் பச்சை பிடித்துவிடும். சத்தம் விட்டு விட்டு வரும், கொஞ்சம் கரகரக்கும், சனம் ஸ்பீக்கர் போய்விட்டது என்று நினைக்கும். முனையில் ஓர் அங்குலம் வெட்டி எறிந்துவிட்டு, உள்ளே செம்பு மினுங்கும் இடம் வரைக்கும் புதிதாகச் சீவி, இழைகளை இறுக்கமாக முறுக்கிக் குத்துங்கள். ஒரு இழைகூடப் பக்கத்துத் துளையைத் தொடக்கூடாது, தொட்டால் செட்டுக்குள் இருக்கும் அம்ப் பழுதாகிவிடலாம். கோடு போட்ட வயர் எந்தப் பக்கம் என்று ஒன்றைத் தீர்மானித்து எல்லா ஸ்பீக்கருக்கும் அப்படியே கொடுங்கள். முன் ஸ்பீக்கர் இரண்டில் ஒன்றுக்குச் சிவப்பும் கறுப்பும் மாறிவிட்டால் சத்தம் வரும், ஆனால் அடி இறங்காது, பாட்டு நடுவில் ஓட்டை விழுந்த மாதிரி இருக்கும். சென்டர் ஸ்பீக்கர் டிவிக்கு நேர் கீழே, முன் இரண்டும் காது உயரத்தில், பின் இரண்டும் நீங்கள் இருக்கும் கதிரைக்குப் பக்கவாட்டில் கொஞ்சம் பின்தள்ளி. பெரியம்மா வீட்டில் பின் ஸ்பீக்கர் இரண்டும் டிவிக்கு மேல் சுவரில் இருந்தன, பார்க்க அழகு என்று. அதை மாற்ற விடவில்லை.

கரண்ட் விஷயத்தில் மட்டும் அவசரப்படாதீர்கள். நமக்கு 230 வோல்ட். ஜப்பான் ரீகண்டிஷன் செட் வாங்கியவர்கள் பின்னால் உள்ள லேபிளைப் பாருங்கள், 100 வோல்ட் என்று இருந்தால் ஸ்டெப் டவுன் டிரான்ஸ்போமர் இல்லாமல் குத்தவே கூடாது. இரண்டு கால் பிளக்கைப் பேனை முனையால் சொக்கெட்டைத் திறந்து திணிக்கும் பழக்கத்தையும் விடுங்கள், ஒரு அடப்டரின் விலை அப்படி ஒன்றும் இல்லை. ஸ்பீக்கரில் ஓயாமல் "ம்ம்" என்று இரைச்சல் கேட்டால் டிஷ் வயரைக் கழற்றிப் பாருங்கள். நின்றுவிட்டால் எர்த் வழியாக வருகிற இரைச்சல் அது. டிவியையும் செட்டையும் டிஷ் பொக்ஸையும் ஒரே மல்டி பிளக்கில் கொடுத்துப் பாருங்கள், அல்லது செட்டுக்கு ஓப்டிகலால் சத்தம் கொடுங்கள். எர்த் காலை வெட்டுகிற வேலை வேண்டாம்.

வாய் ஒரு நேரம், சத்தம் ஒரு நேரமாக இருந்தால், சத்தம் முந்துகிறதா பிந்துகிறதா என்று பாருங்கள். முந்தினால் ஓடியோ டிலேயை 20, 40 மில்லிசெக்கன் என்று படிப்படியாகக் கூட்டுங்கள். பிந்தினால் அதைப் பூச்சியத்துக்கு இறக்குங்கள்.

ஐப்பசியில் இடி முழங்கத் தொடங்கினால் சுவிட்சை மட்டும் ஓஃப் பண்ணிவிட்டு இருக்கக்கூடாது. பிளக்கைக் கழற்றுங்கள், கூரையிலிருந்து இறங்கும் டிஷ் வயரையும் பொக்ஸிலிருந்து கழற்றிச் சுவரோரம் போட்டுவிடுங்கள். அந்த வயரால் வருகிற இடி பொக்ஸ், எச்டிஎம்ஐ, டிவி, செட் என்று நீங்கள் கடதாசியில் போட்ட அதே கோட்டில்தான் போகும்.