உங்கள் பகடைக்கு உண்மையிலேயே ராசியில்லையா? நீங்களே கண்டறியும் முறை

பாத்திரமேற்று ஆடும் மேசை விளையாட்டுகளுக்குப் புதிதாக வருகிறவர்கள், முக்கியமான தருணங்களில் இருபது முகப் பகடையில் இரண்டு மூன்று முறை மிக மோசமான எண்ணான 1 விழுந்தவுடனேயே தம் பகடைக்கு ராசியில்லை என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். அந்த வருத்தம் உண்மையானது. ஆயினும் பகடையை ஒதுக்கிவைக்கும் முன் அதை முறையாகச் சோதித்துப் பார்ப்பதே நியாயம்.

படி 1: இயல்பான துரதிர்ஷ்டத்தின் அளவை அறியுங்கள்

இருபது முகப் பகடையில் ஒவ்வோர் எண்ணும் விழுவதற்கு 5 விழுக்காடு வாய்ப்பு உண்டு. ஆகவே இருபது முறை உருட்டினால் ஒரு முறையாவது 20 விழுந்தே தீரும் என்று பலர் எண்ணுகிறார்கள். ஆனால் குறையற்ற பகடையிலும் இருபது முறையும் அந்த எண் விழாமல் போவதற்கு ஏறத்தாழ 36 விழுக்காடு வாய்ப்பு இருக்கிறது. மூவர் ஆளுக்கு இருபது முறை உருட்டினால், அவர்களுள் ஒருவர் 20-ஐப் பார்க்காமலேயே எழுந்து செல்வது மிகச் சாதாரணம். முன்பு விழுந்த எண்கள் அடுத்த உருட்டலை எவ்விதத்திலும் மாற்றுவதில்லை என்பதையும் மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள்.

படி 2: ஆட்டத்தின்போது எழுதி வையுங்கள்

டிராகனின் முன்னே விழுந்த 1 பல மாதங்கள் நினைவில் நிற்கும். ஒரு சாதாரணக் கதவைத் திறக்கும்போது விழுந்த 20 அன்றைக்கே மறந்துபோகும். எனவே விழும் எண்களை எல்லாம் விடாமல் குறித்துக்கொள்ளுங்கள். அவற்றின் சராசரி காலப்போக்கில் 10.5-ஐ நெருங்க வேண்டும்.

படி 3: 200 முறை உருட்டிப் பாருங்கள்

என் கருத்தில் நம்பத்தக்க சோதனை இதுதான். சமதளமான பரப்பில் பகடையை 200 முறை நன்றாக உருட்டி, ஒவ்வோர் எண்ணும் எத்தனை முறை விழுந்தது என்று கணக்கிடுங்கள். எதிர்பார்க்க வேண்டியது எண்ணுக்குப் பத்து முறை. ஆனால் ஓர் எண் ஏழு முறையும் மற்றொன்று பதின்மூன்று முறையும் விழுந்திருந்தால் கலங்க வேண்டியதில்லை. ஒவ்வோர் எண்ணுக்கும் கிடைத்த எண்ணிக்கையிலிருந்து பத்தைக் கழித்து, வரும் விடையை வர்க்கப்படுத்தி, பத்தால் வகுத்து, இருபது விடைகளையும் கூட்டுங்கள். புள்ளியியலில் இது கை-வர்க்கச் சோதனை (chi-square test) எனப்படும். கூட்டுத்தொகை 30.14-ஐத் தாண்டினால் பகடையைச் சந்தேகிக்கலாம். குறையற்ற பகடையும் நூற்றில் ஐந்து சோதனைகளில் இந்த எல்லையைத் தாண்டும் என்பதால், தீர்ப்புச் சொல்லும் முன் மீண்டும் ஒருமுறை சோதியுங்கள்.

பிளாஸ்டிக் பகடையை அடர்த்தியான உப்புநீரில் மிதக்கவிட்டு, சுண்டிவிடும்போதெல்லாம் ஒரே எண் மேலே வருகிறதா என்று பார்க்கும் வழக்கமும் உண்டு. உள்ளே காற்றுக்குமிழ் இருப்பதை அது காட்டலாம். முகங்களின் வடிவப் பிழையைக் காட்டாது.

படி 4: பகடையில் குறையில்லை என்றால் வாய்ப்பை உயர்த்துங்கள்

பெரும்பாலான பகடைகள் இந்தச் சோதனையில் தேறிவிடும். அதன்பின் நீங்கள் மாற்றக்கூடியது ஆடும் முறையைத்தான். டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்னும் பாத்திரமேற்று ஆடும் விளையாட்டின் ஐந்தாம் பதிப்பில் 'அட்வான்டேஜ்' கிடைத்தால், இரண்டு முறை உருட்டி உயர்ந்த எண்ணை எடுத்துக்கொள்ளலாம். 8 அல்லது அதற்கு மேல் விழ வேண்டிய இடத்தில் வெற்றி வாய்ப்பு 65 விழுக்காட்டிலிருந்து ஏறத்தாழ 88 விழுக்காடாகவும், 20 விழும் வாய்ப்பு 5-லிருந்து 9.75 விழுக்காடாகவும் உயரும். ஆகவே முக்கியமான உருட்டலுக்கு முன், உங்கள் முறை வரும்வரை வெறுமனே காத்திராமல், அட்வான்டேஜ் தரும் 'ஹெல்ப்' செயலால் துணை நிற்குமாறு பக்கத்தில் இருக்கும் தோழரிடம் கேளுங்கள்.