நிக்கல் தகட்டின் காந்தத் திரிபைப் படம் எடுப்பது எப்படி?

காந்தப்புலத்தில் வைத்த நிக்கல், புலத்தின் திசையில் சுருங்குகிறது. இந்த உருமாற்றமே காந்தத் திரிபு. அதிகபட்சமாகப் பத்து லட்சத்தில் சுமார் 34 பங்குதான். புலத்துக்குக் குறுக்கான திசையில் அதில் பாதியளவு விரியும். 10 மைக்ரோமீட்டர் தடிமனுள்ள தகட்டின் தளத்தை ஒட்டிப் புலத்தைச் செலுத்தினால், தடிமன் ஏறக்குறைய 0.17 நானோமீட்டர் கூடும். ஒரு நிக்கல் அணுவின் குறுக்களவுகூட இல்லை! மிகக் கூரிய முனையால் மேற்பரப்பைத் தடவி அதன் ஏற்ற இறக்கத்தை அளக்கும் அணுவிசை நுண்ணோக்கிக்கு இது எட்டும் என்பதுதான் இந்த வேலையின் அழகு.

முதலில் தகட்டை நன்றாக மெருகேற்றி, கண்ணாடித் துண்டில் ஒட்டுங்கள். ஓரத்தில் அடையாளக் கீறல் ஒன்று போடுங்கள். பிறகு அதே இடத்தைத் தேடிப் பிடிக்க உதவும். நுண்ணோக்கியின் முனை வெறும் சிலிக்கானாக இருக்கட்டும். காந்தப் பூச்சுள்ள முனையைப் புலம் நேரடியாகவே இழுக்கும். அதைத் திரிபு என்று எடுத்துக்கொள்ள நேரிடும்.

அடுத்து, கம்பிச்சுருளில் 1 கிலோஹெர்ட்ஸ் மாறுமின்னோட்டம் செலுத்தி, முனையை மேற்பரப்பில் மெல்லத் தொட வையுங்கள். புலம் எந்தப் பக்கம் திரும்பினாலும் நிக்கல் ஒரே விதமாகத்தான் உருமாறும். ஆகவே ஒரு சுற்றில் இரண்டு முறை அசையும். குறிப்பிட்ட ஓர் அதிர்வெண்ணில் வரும் சைகையை மட்டும் பிரித்தெடுக்கும் லாக்-இன் பெருக்கியை 2 கிலோஹெர்ட்ஸில் வைக்க வேண்டும் என்பதை மறக்காதீர்கள். முனை மேற்பரப்பை அழுத்தும் விசையை மாறாமல் வைத்திருக்கும் பின்னூட்டச் சுற்றை அதைவிட மிக மெதுவாக வையுங்கள். வேகமாக இருந்தால் நாம் தேடும் அசைவையே அது சமன்செய்து அழித்துவிடும்.

பொறுமையாக வருடுங்கள். ஒரு புள்ளிக்கு 60 மில்லிவிநாடி என்றால், 256 புள்ளி கொண்ட ஒரு வரிக்கு 15 விநாடி. 256 வரிகள் முடிய ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும்.

படம் வந்ததும் நம்பிவிடாதீர்கள். சுருள் சூடாவதும் மின்னோட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்ததே. அந்த வெப்ப விரிவும் அதே 2 கிலோஹெர்ட்ஸில்தான் வரும். அதே தடிமனில் செம்புத் தகடு ஒன்றை ஒட்டி, எதையும் மாற்றாமல் மறுபடி அளந்து பாருங்கள். செம்பிலும் அதே அளவு அசைவு தெரிந்தால், நீங்கள் எடுத்தது திரிபின் படம் அல்ல. இந்தச் சோதனை இல்லாத படத்தை நான் ஏற்பதில்லை.

செம்பு அமைதியாக இருந்தால், கீறலை வைத்து நிக்கலின் அதே இடத்துக்குத் திரும்பி, கோபால்ட்-குரோமியம் பூசிய முனையால் காந்தவிசைப் படமும் எடுங்கள். டொமைன்களின் (ஒரே திசையில் காந்தமான சிறு பகுதிகளின்) எல்லைகள் எங்கே ஓடுகின்றன, திரிபு எங்கே மாறுகிறது என்று இரண்டையும் ஒப்பிடலாம். இந்த வரிசையை மட்டும் மாற்றாதீர்கள்: காந்த முனை டொமைன்களையே நகர்த்திவிடக்கூடும்.