600 சதுர அடி வகுப்பறையும் அதற்கொரு இணையத் துணையும்

நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் வட்டாரக் கல்லூரிகளில் ‘ஸ்மார்ட் வகுப்பறை’ என்று பேச்செடுத்தாலே முதலில் வந்து இறங்குவது புரொஜெக்டர்தான். அதைக் கடைசியில் வாங்குங்கள். முதலில் ஒரு தாளில் இரண்டு பத்தி போட்டு, ஒரு பாடத்தில் மாணவர் தனியாகக் கேட்கவோ படிக்கவோ கூடியது எது, பக்கத்தில் ஆள் இருந்தால்தான் நடப்பது எது என்று எழுதுங்கள். முதல் பத்தி இணையத்துக்கு, இரண்டாவது அறைக்கு. இது முடிந்த பிறகு அளவு நாடாவை எடுத்தால் போதும்.

30க்கு 20 அடி அறை என்று வைத்துக்கொள்வோம். நீள பெஞ்சு போட்டால் 60 பேர் அடைந்து உட்காரலாம். ஆளுக்கு 10 சதுர அடி. வட்ட மேசை போட்டுக் குழுவாக உட்கார வைத்தால் ஆளுக்கு 25 சதுர அடி வேண்டும், 24 பேரோடு அறை நிரம்பிவிடும். படத்தில் பார்க்க அழகு, நம் மாணவர் எண்ணிக்கைக்கு ஆகாது. நடைமுறைக்கு ஒத்து வருவது ஆளுக்கு 15 சதுர அடி, அதாவது 40 பேர்.

போர்டை 30 அடிச் சுவரில் மாட்டுங்கள். அதிலிருந்து 5 அடி விட்டு, 4 அடி நீள மேசைகளை வரிசைக்கு ஐந்தாக நாலு வரிசை போடுங்கள். மேசைக்கு இரண்டு தனி நாற்காலி. மேசைகளுக்கு நடுவே இரண்டரை அடி வழி. ஒன்றாம், மூன்றாம் வரிசை மேசைகளுக்கு ஒன்றரை அடி அகலம் போதும். இரண்டாம், நாலாம் வரிசைக்கு 2 அடி வேண்டும். குழு வேலை தொடங்கும்போது ஒன்றாம் வரிசையில் இருப்பவர்கள் நாற்காலியைத் திருப்பிப்போட்டு இரண்டாம் வரிசை மேசையில் கை வைப்பார்கள். மூன்றாம் வரிசையும் அப்படியே. அரை நிமிடத்தில் நாலு பேர் கொண்ட பத்துக் குழு தயார். எல்லா மேசையையும் ஒன்றரை அடியில் செய்துவிட்டால் நாலு நோட்டு விரிக்க இடமிருக்காது. வழக்கமாக நடக்கும் தவறு இதுதான்.

முன்வரிசை இரு மூலையில் இருப்பவர்களுக்குத் திரை சாய்வாகத் தெரியும். அந்த மேசைகளைக் கொஞ்சம் உள்நோக்கித் திருப்பிப் போடுங்கள். கதவு 3 அடி திறக்க வேண்டும். வாசல் ஒரு அடி உயரமென்றால் சாய்தளம் 12 அடி நீளம் வேண்டும்; அதைக் குறைத்தால் சக்கர நாற்காலியை யாராவது தள்ளியாக வேண்டும்.

வெயில் விஷயத்தில் நம் கன்னியாகுமரி மாவட்டத்துக்கு ஒரு தனிக்கணக்கு உண்டு. நாம் இருப்பது வட அட்சரேகை 8 டிகிரி ஓரத்தில். ஏப்ரல் நடுவிலிருந்து ஆகஸ்ட் கடைசிவரை உச்சி வெயில் வடக்குப் பக்கமிருந்து விழும். ‘வடக்கு ஜன்னலுக்கு சன்ஷேடு வேண்டாம்’ என்ற பேச்சு இங்கே எடுபடாது. ஆனால் ஜூனிலும் சூரியன் உச்சியை ஒட்டியே நிற்பதால் அங்கே 2 அடி போதும். தெற்கில் டிசம்பர் வெயில் சாய்ந்து வரும். 4 அடி உயர ஜன்னலுக்கு இரண்டரை அடி சன்ஷேடு போடுங்கள். மேற்கு ஜன்னலில் மாலை வெயிலும் இடவப்பாதி (தென்மேற்குப் பருவமழை) சாரலும் சேர்ந்தே அடிக்கும். அந்தச் சுவரில் பிளக் பாயிண்ட் வேண்டவே வேண்டாம்.

தகரக் கூரையில் மழை விழும் இரைச்சலை எந்த மைக்காலும் ஜெயிக்க முடியாது. ஸ்பீக்கருக்கு வைத்த பணத்தில் கூரைக்கு அடியில் இரண்டு அங்குல ராக்வூல் (இரைச்சலை உறிஞ்சும் பஞ்சுப் பலகை) வைத்து ஃபால்ஸ் சீலிங் போடுங்கள். குளச்சல், முட்டம் போலக் கடலோரமானால் பார்ட்டிகிள் போர்டு மேசை ஈரத்தில் ஊதிப் பெருத்து, திருகாணி பிடிக்காமல் கழன்றுவிடும். ஐ.எஸ். 710 முத்திரையுள்ள (ஈரம் தாங்கும் மரைன்) பிளைவுட்டும், ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் 304 என்ற ரகத்துக்குப் பதில் 316ம் கேட்டு வாங்குங்கள். விலை கூடத்தான், உப்புக்காற்றுக்கு அதுதான் தாங்கும்.

திரை அளவுக்கு எளிய கணக்கு: கடைசி இருக்கையின் தூரத்தை 6ஆல் வகுங்கள். 19 அடிக்குக் குறைந்தது 3 அடி 2 அங்குல உயரம்.

இனி இணையப் பக்கம். மூடுல் (Moodle) என்பது இணையத்தில் பாடம் நடத்த உதவும் இலவச மென்பொருள், 2002 முதல் இருக்கிறது. அதன் மொபைல் செயலியில் பாடத்தை இறக்கி வைத்து நெட் இல்லாமலும் படிக்கலாம். மலையோரக் குடியிருப்பிலிருந்து வருபவருக்கு அந்த ஒரு வசதியே பெரிது. ஆனால் கோப்பு சிறிதாக இருந்தால்தான் அது பயன்படும். ஒரு மணி நேர வகுப்பை நொடிக்கு 4 மெகாபிட்டில் பதிந்து அப்படியே ஏற்றினால் 1.8 ஜிபி, யாரும் திறக்க மாட்டார்கள். பத்து நிமிடத் துண்டுகளாக வெட்டி, 400 கிலோபிட்டுக்குக் குறைத்தால் துண்டுக்கு 30 எம்பி. போர்டு எழுத்து தெளிவாக வராதென்றால் அதைத் தனியே படமெடுத்துச் சேருங்கள். வெறும் ஒலி மட்டும் 32 கிலோபிட்டில் என்றால் பத்து நிமிடம் 2.4 எம்பிதான். பதியும்போது ஃபேன் காற்று மைக்கில் இரையும். மைக்குக்கு ஸ்பாஞ்சு உறை மாட்டி, தாடையிலிருந்து ஒரு சாண் கீழே சட்டையில் குத்துங்கள்.

தமிழ்க் குறிப்புகள் யூனிகோடில் இருக்கட்டும். பாமினி என்ற பழைய எழுத்துருவில் அடித்த பிடிஎஃப்பில் ஒரு சொல்லைத் தேடினால் கிடைக்காது, நகலெடுத்தால் குப்பையாக வரும்.

வைஃபை பெட்டியை வராந்தாவில் அல்ல, அறைக்குள் உத்தரத்தில் மாட்டுங்கள். 5 கிகாஹெர்ட்ஸ் அலை சுவரைத் தாண்டினால் தளர்ந்துவிடும். ஒப்படைப்புக்கு இரவு 12 மணிக் கெடு வைக்காதீர்கள். அது இன்றைய 12ஆ நாளைய 12ஆ என்று பாதிப் பேர் குழம்புவார்கள். கல்லூரி வைஃபையையே நம்பியிருப்பவர் பஸ் பிடிக்கும் முன் அனுப்ப வசதியாக மாலை 4 மணி வையுங்கள்.

அறையில் குழு எண் எதுவோ, மூடுலிலும் அதே எண். 60 பேர் வகுப்பென்றால் 15 குழு. வாரம் 5 குழு முறைவைத்து நூலகத்தில் இணையப் பாடத்தைச் செய்யட்டும், 10 குழு அறையில். மூன்று வாரத்தில் சுற்று முடியும்.

புரொஜெக்டரை இரண்டு வாரம் வாடகைக்கு எடுங்கள். மழை கொட்டும் ஒரு மதியம், ஃபேன் முழு வேகத்தில் ஓட, நாலாம் வரிசை மூலையில் போய் உட்காருங்கள். திரையில் இருப்பதை வாசிக்கவும் முன்னால் பேசுவதைக் கேட்கவும் முடிந்தால் வாங்கலாம்.