ஒரே சொல், இரண்டு எண்ணிக்கை

முனைவர் பட்ட ஆய்வுக்காக நாளிதழ்த் தமிழின் சொல்லடைவை, அதாவது எந்தச் சொல் எத்தனை முறை வருகிறது என்ற பட்டியலை, கணினி நிரல் கொண்டு தொகுத்தபோது, 'கொண்டு' என்னும் சொல் பட்டியலில் இரண்டு இடங்களில் வெவ்வேறு எண்ணிக்கையுடன் நின்றது. கண்ணுக்கு இரண்டும் ஒன்றாகவே தெரிந்ததால், என் நிரலில்தான் பிழை என்று நம்பி 3 வாரங்களை வீணாக்கினேன். ஒவ்வோர் எழுத்தின் யூனிகோடு எண்ணையும் (கணினி அந்த எழுத்தை அடையாளம் காணும் எண்) அச்சிட்டுப் பார்த்த பிறகே காரணம் புரிந்தது. ஒரு கோப்பில் ஒகரக் குறி ஒரே குறியீடாகவும், இன்னொன்றில் ஒற்றைக்கொம்பு, கால் என இரண்டு குறியீடுகளாகவும் பதிவாகியிருந்தது.

பைத்தான் நிரல்மொழியில் எல்லாக் கோப்புகளையும், இப்படிப் பிரிந்த குறியீடுகளை ஒன்றாக்கும் என்எஃப்சி (NFC) என்ற யூனிகோடு வடிவத்துக்கு மாற்றினேன். இரண்டே வரி நிரல்தான். ஆனாலும் 'கௌரவம்' பிரிந்தே கிடந்தது. தட்டச்சு செய்தவர் ஔகாரக் குறிக்குப் பதிலாகக் கொம்பையும் ளகரத்தையும் அடித்திருந்தார் (நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் அடித்தேன்). 'கெளுத்தி' போன்ற சொற்களில் ளகரம் முறையானது என்பதால் மொத்தமாக மாற்ற வழியில்லை. ஔகாரச் சொற்களின் பட்டியல் ஒன்றைக் கையாலேயே எழுதி, அதில் உள்ளவற்றை மட்டும் திருத்தினேன்.

நெறியாளரிடம் முன்பு கொடுத்திருந்த அட்டவணைகளைத் திரும்ப வாங்கி, புதிய எண்களோடு, எங்கே தவறினேன் என்ற ஒரு பக்கக் குறிப்பையும் இணைத்துக் கொடுத்தேன்.