சுகர் வரட்டும், அப்புறம் பார்த்துக்கலாம் என்று இருந்துவிடாதீர்கள்

மன்னார்குடிப் பக்கம் ஒரு சிறிய லேபில் 18 வருடமாக வேலை பார்க்கிறேன். காலை 6 மணிக்குக் கதவைத் திறக்கும்போதே வெறும் வயிற்றோடு நாலு பேர் பெஞ்சில் உட்கார்ந்திருப்பார்கள். நான் மருத்துவர் இல்லை, ரத்தம் எடுத்து அளவை எழுதிக் கொடுப்பவள். ஆனாலும் நம் ஊர்க்காரர்கள் எந்த இடத்தில் தவறுகிறார்கள் என்பது இத்தனை வருடத்தில் மனப்பாடமாகிவிட்டது.

போன மாதம் ஒருவர் வந்தார். வயது 46, சொந்தமாக நாலு ஏக்கர். வெறும் வயிற்றில் 118. "126 இருந்தாத்தானே சுகரு? அப்ப எனக்கு இல்லல்ல பாப்பா?" என்று நிம்மதியாக எழுந்தார். அவர் சொன்ன கணக்கு சரிதான். ஆனால் 100-லிருந்து 125 வரை இருக்கிற அந்த வருடங்களில் ரத்தக்குழாய் சும்மா இருப்பதில்லை. நீரிழிவு என்று தாளில் வருகிற நாளில்தான் சேதம் தொடங்குகிறது என்று நினைப்பதுதான் நான் பார்த்ததிலேயே பெரிய தவறு. 2023-ல் வெளியான ஐசிஎம்ஆர்-இண்டியாப் என்ற தேசிய நீரிழிவு ஆய்வின்படி நாட்டில் நீரிழிவு உள்ளவர்கள் சுமார் 10.1 கோடி. அதற்கு முந்தைய நிலையில் இருப்பவர்கள் 13.6 கோடி. இந்த இரண்டாவது கூட்டத்தில் பெரும்பாலானோர் "எனக்கு ஒண்ணுமில்ல" என்றுதான் நடமாடுகிறார்கள்.

உள்ளே என்ன நடக்கிறது? ரத்தக்குழாயின் உட்புறம் முழுக்க ஒரே ஒரு செல் கனத்தில் ஒரு படலம் இருக்கிறது. நைட்ரிக் ஆக்சைடு என்ற வாயுவைத் தயாரித்து, தேவைப்படும்போது குழாயைத் தளர்த்தி விடுவது அதுதான். அந்த வாயுவின் பங்கைக் கண்டறிந்ததற்காக ஃபர்ச்காட், இக்னாரோ, முராட் மூவருக்கும் 1998-ல் நோபல் பரிசு கிடைத்தது. இன்சுலின் சொல்வதை உடல் கேட்காமல் போகத் தொடங்கினால் இந்த வாயு குறைகிறது. மிஞ்சிய சர்க்கரை குழாய்ச் சுவரின் புரத இழைகளில் ஒட்டி, இழைகளை ஒன்றோடொன்று பிணைத்துவிடுகிறது. வளைந்து கொடுத்த குழாய் விறைத்துப்போகிறது. செல்களுக்கும் இதே கதிதான். ஓயாத பளுவில் சில செல்கள் பிரிவதை நிறுத்திவிடும், ஆனால் சாகவும் செய்யாது. இருந்த இடத்திலிருந்தே அழற்சியைத் தூண்டும் பொருள்களைக் கசியவிட்டு அக்கம்பக்கத்துச் செல்களையும் கெடுக்கும். நடவு வயலில் நாலு குத்தில் புகையான் பூச்சி இறங்கினால் சுற்றுப் பயிரெல்லாம் வட்டம் வட்டமாகக் காய்வதைப் பார்த்திருப்பீர்களே, அப்படித்தான்.

அடுத்த தவறு வாட்ஸ்அப் வழியாக வருவது. இஞ்சி, பூண்டு, எலுமிச்சை, வினிகர், தேன் சேர்த்துக் காய்ச்சிக் குடித்தால் அடைப்பு கரைந்துவிடும் என்பார்கள். நம் ஊர்க்காரர்களுக்கு இது சட்டென்று பிடித்துப்போவதன் காரணம் எனக்குப் புரிகிறது. ரத்தக்குழாய் என்றதும் நமக்கு வாய்க்கால் நினைவுக்கு வருகிறது, அடைப்பு என்றதும் தூர். தூர் வாரினால் தண்ணீர் ஓடும் என்பது நம் அனுபவம். ஆனால் கொழுப்பு குழாயின் அடியில் வண்டலாகப் படிவதில்லை. உட்படலத்துக்குக் கீழே, சுவருக்குள்ளேயே புகுந்து திட்டாக வளர்கிறது. வாய்க்காலையே உதாரணம் சொல்வதென்றால், இது கரைக்குள் நண்டு போட்ட வளை. மேலே பார்த்தால் புல் முளைத்த நல்ல கரை, ஐப்பசி வெள்ளம் வந்த அன்று ராத்திரி உடைப்பெடுக்கும். அந்தத் திட்டு வெடித்து, அதன்மேல் ரத்தம் உறைவதால்தான் பெரும்பாலான மாரடைப்புகள் வருகின்றன. அதற்கு முன் அந்த இடத்தில் பெரிய அடைப்பே இல்லாமலும் இருந்திருக்கலாம். மருத்துவர் தரும் கொழுப்பு மாத்திரைக்கு எல்டிஎல் என்ற கெட்ட கொழுப்பைக் குறைப்பதோடு இந்தக் கரையைக் கெட்டிப்படுத்தும் வேலையும் உண்டு. கஷாயத்தை நம்பி அந்த மாத்திரையை நிறுத்தியவர்களைப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

டெஸ்டுக்காகத் தயாராகி வருவது இன்னொன்று. மூன்று நாள் சோற்றைக் குறைத்து, இனிப்பைத் தொடாமல் வந்து "நார்மல்" என்று எழுதி வாங்கிக்கொண்டு போவார்கள். இது யாரை ஏமாற்றுவது? சிவப்பணுவில் ஒட்டிய சர்க்கரையை அளக்கும் ஹெச்பிஏ1சி டெஸ்ட் கிட்டத்தட்ட மூன்று மாதக் கணக்கைச் சொல்லும், ஏனென்றால் சிவப்பணு ஒன்று சுமார் 120 நாள் உயிரோடு இருக்கிறது. 5.7-க்குக் கீழே இருந்தால் நல்லது, 6.5-ம் அதற்கு மேலும் நீரிழிவு. இரும்புச்சத்துக் குறைவால் ரத்தசோகை உள்ள பெண்களுக்கு இந்த அளவு உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டலாம். அதனால் ஹீமோகுளோபினையும் சேர்த்துப் பார்க்கச் சொல்வேன்.

இனி சோறு. இதைச் சொன்னால் கோபம் வரும், தெரியும். என் அப்பா ஒரு வேளைக்கு மூன்று முறை சோறு வாங்குவார். குழம்புக்கு ஒரு முறை, ரசத்துக்கு ஒரு முறை, மோருக்கு ஒரு முறை. அவர் சேற்றில் ஏர் ஓட்டியவர், நாற்றுக்கட்டு சுமந்தவர், களத்தில் கதிர் அடித்தவர். இன்று உழவுக்கு டிராக்டர், பல இடங்களில் நடவுக்கும் மிஷின். அறுவடை மிஷின் இறங்கினால் ஒரு மணி நேரம் சொச்சத்தில் ஒரு ஏக்கர் முடிந்துவிடுகிறது. வரப்பு வரைக்கும் பைக் போகிறது. வேலை மாறிவிட்டது, இலை மட்டும் அப்பா காலத்து இலை. சாப்பாட்டில் வரும் சர்க்கரையை வாங்கி வைத்துக்கொள்ளும் பெரிய கிடங்கு நம் தசைகள்தான். அவை அசையாமல் கிடந்தால் கிடங்கு காலியாகாது. மிஞ்சியது கல்லீரலில் கொழுப்பாகி, ட்ரைகிளிசரைடாக ரத்தத்தில் இறங்கும். சோற்றை விடச் சொல்லவில்லை, காவிரிக்கரையில் இருந்துகொண்டு அதை எப்படிச் சொல்வேன்? மூன்றில் ஒரு வாங்கலைக் குறைத்து அந்த இடத்தில் பயறு, கீரை, மீன் வையுங்கள். தாளடி அறுப்புக்குப் பிறகு தரிசில் உளுந்தும் பச்சைப்பயறும் நாமே விளைவிக்கிறோம், விளைந்ததை மூட்டை கட்டி விற்றுவிட்டு வெறும் ரசம் சோறு சாப்பிடுகிறோம். காய், பயறு முதலில், சோறு பிறகு என்று மாற்றினாலே சாப்பிட்ட பின் ஏறும் சர்க்கரை குறையும். சாப்பிட்டதும் படுக்காமல் 15 நிமிடம் நடந்தால் இன்னும் குறையும். வேலை செய்கிற தசை, இன்சுலின் சரியாக எடுபடாதபோதும் சர்க்கரையை இழுத்துக்கொள்ளும்.

மாப்பிள்ளைச் சம்பா, கருப்புக் கவுனி என்றால் அளவே தேவையில்லை என்று நினைப்பவர்களும் உண்டு. ஆதிரங்கத்தில் நெல் ஜெயராமன் பட்ட பாட்டால் நமக்குத் திரும்பக் கிடைத்த ரகங்களில் எனக்கும் பெருமைதான். தவிட்டில் நார் இருக்கிறது, உண்மை. ஆனால் உள்ளே இருப்பது மாவுச்சத்துத்தான். வெள்ளைச் சீனிக்குப் பதில் கருப்பட்டி, நாட்டுச் சர்க்கரை என்று மாறியவர்களின் ரிப்போர்ட்டும் பெரிதாக மாறுவதில்லை.

"நான் ஒல்லி, எனக்கு வராது" என்பவர்கள் தையல் டேப்பை எடுத்து வயிற்றைச் சுற்றிப் பாருங்கள். நம் உடல்வாகுக்கு ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ.தான் எல்லை. பேண்ட் சைஸ் கணக்கில்லை, அது தொப்பைக்குக் கீழே நிற்கிறது. கொழுப்பு ரிப்போர்ட்டில் மொத்தக் கொலஸ்ட்ராலை மட்டும் பார்த்துவிட்டு மடித்து வைக்காதீர்கள். ட்ரைகிளிசரைடு 150-ஐத் தாண்டி, ஹெச்டிஎல் என்ற நல்ல கொழுப்பு ஆண்களுக்கு 40-க்கும் பெண்களுக்கு 50-க்கும் கீழே இருந்து, வயிற்றுச் சுற்றளவும் கூடுதலாக இருந்தால், சர்க்கரை ஏறாமலே வளர்சிதை மாற்றம் கெடத் தொடங்கிவிட்டது என்று பொருள்.

பிரஷர் மாத்திரையை "நார்மல் ஆயிடுச்சு" என்று நிறுத்துவது தினமும் கேட்கும் கதை. மாத்திரையால்தானே நார்மல் ஆனது! மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்டில் தொடங்கியதிலிருந்து பலருக்கு மாத்திரை வீட்டு வாசலுக்கே வருகிறது. அலமாரியில் பிரிக்காத அட்டைகள் அடுக்கிக் கிடப்பதைப் பார்க்க வயிறு எரிகிறது. உப்பு நாளொன்றுக்கு 5 கிராம், ஒரு சிறிய கரண்டி அளவு போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஊறுகாய், அப்பளம், வடகம், கருவாடு எல்லாம் அந்தக் கணக்கில்தான் வரும். வெற்றிலையோடு புகையிலை போடுவதும் ரத்தக்குழாயை இறுக்கும்.

இளமையைத் திருப்பித் தரும் மாத்திரை விளம்பரங்களுக்குப் பணம் கொடுக்காதீர்கள். சீக்கிரம் தொடங்குவதற்குத்தான் உண்மையான பலன் இருக்கிறது. 1977-ல் பிரிட்டனில் தொடங்கிய யூகேபிடிஎஸ் என்ற நீரிழிவு ஆய்வில், நோய் தெரிந்த புதிதிலேயே சர்க்கரையை நன்றாகக் கட்டுப்படுத்தியவர்களுக்கு, ஆய்வு முடிந்து 10 வருடம் கழித்தும், வழக்கமான சிகிச்சையில் இருந்தவர்களைவிட மாரடைப்பு குறைவாகவே இருந்தது. அதற்குள் இரு தரப்பினரின் சர்க்கரை அளவும் ஒன்றாகிவிட்டிருந்தது, பலன் மட்டும் நின்றது.

118 வந்தவரை அன்று நான் அப்படியே அனுப்பவில்லை. டிராயரில் இருந்த டேப்பை எடுத்துக் கொடுத்து அளக்கச் சொன்னேன். 97. கொஞ்ச நேரம் டேப்பையே பார்த்துக்கொண்டு நின்றார். மறுநாள் காலை 6 மணிக்கு பெஞ்சில் மறுபடி அவர், பக்கத்தில் அவர் மனைவி. "இவளுக்கும் பாத்துருங்க பாப்பா" என்றார்.