பாட்டைத் தடம் தடமாகப் பிரிக்கும்போது விடும் பிழைகள்

கிளிநொச்சியிலும் முல்லைத்தீவுப் பக்கத்திலும் ஒலிப்பதிவு வேலைக்குப் புதிதாக வரும் பிள்ளைகள், பாட்டொன்றிலிருந்து குரலையும் வாத்தியங்களையும் தனித்தனியே பிரித்தெடுக்கும் வேலையை இப்போது மடிக்கணினியிலேயே முடித்துவிடுகிறார்கள். கரோக்கிக்கும் பாடசாலைக் கலைவிழாவுக்கும் பழைய கசற்றுகளை மீட்பதற்கும் இந்த வேலை தேவைப்படுகிறது. டெமுக்ஸ், ஸ்பிளீற்றர் போன்ற மென்பொருள்கள் இலவசமாகக் கிடைப்பதால் நாங்கள் பட்ட பாட்டில் பாதி அவர்களுக்கு இல்லை. நாங்கள் விட்ட பிழைகளை மட்டும் ஒன்று விடாமல் திரும்பவும் விடுகிறார்கள். நல்ல ஹெட்போன் வாங்குங்கள் என்பது போன்ற, எவருக்கும் தெரிந்த விடயங்களை இங்கே எழுதப்போவதில்லை.

கெட்ட மூலத்திலிருந்து தொடங்குதல்

வாட்ஸ்அப்பில் குரற்செய்தியாக வந்த பாட்டைக் கொண்டுவந்து, இதிலிருந்து குரலை மட்டும் எடுத்துத் தாருங்கள் என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். 128 கிலோபிட் எம்பி3 கோப்பிலேயே பொதுவாக 16 கிலோஹேர்ட்ஸுக்கு மேலான ஒலி வெட்டப்பட்டுவிடும். மூலத்தில் இல்லாததை எந்த மென்பொருளாலும் பிரித்துத் தர முடியாது. ஸ்பிளீற்றர் தன் வழக்கமான அமைப்பில் 11 கிலோஹேர்ட்ஸ் வரைதான் பிரிக்கும் என்பதையும் தெரிந்து வைத்திருங்கள். அதில் வரும் குரல் மங்கலாக இருப்பதற்குப் பாடியவரைக் குறை சொல்லிப் பயனில்லை.

ஹெட் துடைக்காமல் கசற்றை ஓட்டுதல்

பிளேயரில் நாடா உரசிச் செல்லும் ஹெட்டைத் துடைக்க ஐசோபுரோப்பைல் அல்ககோலும் பஞ்சும் போதும்.

பெயரை நம்பிக் கோப்பை அழித்தல்

இதைத்தான் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் இதை நினைத்தால் இன்றைக்கும் எரிச்சல் வருகிறது.

இந்த மென்பொருள்கள் பாட்டொன்றைப் பெரும்பாலும் வோக்கல்ஸ், ட்ரம்ஸ், பாஸ், அதர் என்ற நான்கு கோப்புகளாகத் தருகின்றன. நம்முடைய வாத்தியங்களை மனத்தில் வைத்து யாரும் அந்தப் பெயர்களைச் சூட்டவில்லை. இத்துறையில் பயிற்சிக்கும் சோதனைக்கும் பரவலாகப் பயன்படும் மியூஸ்டிபி18 என்ற தொகுப்பில் 150 பாட்டுகள் உள்ளன. அவற்றில் 100 பயிற்சிக்கும் 50 சோதனைக்கும் உரியவை, பெரும்பாலானவை மேற்கத்திய பொப், ரொக் பாட்டுகள். அத்தகைய பாட்டுகளில் பழகிய மென்பொருளுக்கு மத்தளம் என்றொரு வாத்தியம் இருப்பதே தெரியாது. ஆகவே மத்தளத்தின் வலப்பக்கமான வலந்தலையில் விழும் கூரிய அடி ட்ரம்ஸ் கோப்புக்கும், இடப்பக்கமான தொப்பியின் ஆழ்ந்த முழக்கம் பாஸ் கோப்புக்குமாக ஒரே மத்தளம் இரண்டாகப் பிளந்துபோகிறது. தவிலுக்கும் இதே கதிதான். நாதஸ்வரமோ, கமகத்தோடு இழுத்து வாசிக்கும் இடங்களில் குரலைப் போலவே அசைவதால், வோக்கல்ஸ் கோப்புக்குள் புகுந்து உட்கார்ந்துகொள்ளும்.

புதுக்குடியிருப்புப் பக்கத்துக் குடும்பம் ஒன்று, கோவலன் கூத்துப் பதிவான கசற் ஒன்றை இடப்பெயர்வுகள் அத்தனையிலும் காவித் திரிந்து காப்பாற்றி வைத்திருந்தது. அதில் பாடிய அண்ணாவியார், அதாவது கூத்தைப் பழக்கி நடத்தியவர், இன்று உயிரோடு இல்லை. அவருடைய குரலைச் சற்றுத் தூக்கி, மத்தளத்தோடு தெளிவாகக் கேட்கும்படி செய்து தர வேண்டும் என்பதே அவர்கள் கேட்ட வேலை. அதைப் பொறுப்பேற்ற இளைஞர், கூத்தில் பாஸ் கிற்றார் ஏது என்று எண்ணி, பாஸ் கோப்பைத் திறந்தும் பாராமல் அழித்தார். அதர் கோப்பின் முதற் சில நொடிகளில் நாடாவின் இரைச்சலே கேட்டதால் அதையும் அழித்தார். பிறகு வன்தட்டில் இடம் போதவில்லை என்று மூலக் கோப்பையும் அழித்துவிட்டு, மிஞ்சிய இரண்டையும் சேர்த்துக் கொடுத்தார்.

அது என்னிடம் வந்தபோது, மத்தளம் வெறுந் தகரத்தில் விரலால் தட்டுவது போலக் கேட்டது. மைக்கிலிருந்து தள்ளி நின்று பாடிய பிற்பாட்டுக்காரரின் குரலில் பெரும் பகுதி அதர் கோப்போடு போய்விட்டதால், அண்ணாவியார் ஓர் அடியைப் பாடி நிறுத்த, அதை வாங்கிப் பாட ஆளில்லாமல் இருந்தது. கசற்றை மறுபடி ஓட்டுவோம் என்றால், அந்த இளைஞர் ஓட்டிய பிளேயரில் நாடா சிக்கி, நல்ல பகுதி முழுவதும் நசிந்து கிடந்தது. மென்பொருள் பிரித்துத் தந்ததைத்தானே கொடுத்தேன் என்று அவர் சொன்ன விளக்கத்தை அந்த வீட்டுப் பெரியவரிடம் போய்ச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

நான்கு கோப்புகளையும் முதலிலிருந்து கடைசிவரை கேட்ட பிறகே எதையும் ஒதுக்க வேண்டும். கூத்து, பறை, தவில் சேர்ந்த பதிவுகளில் ட்ரம்ஸையும் பாஸையும் மீண்டும் ஒன்றாகச் சேர்த்து ஒரே தாளத் தடமாக வைத்துக்கொண்டு வேலை செய்வதே என் வழக்கம். நான்கையும் ஒலியளவு மாற்றாமல் ஒரே நேரக்கோட்டில் அடுக்கி, மூலத்தின் அலையைத் தலைகீழாக்கி அவற்றோடு சேர்த்தால் ஏறக்குறைய நிசப்தம் வர வேண்டும். அப்படி வராவிட்டால் எங்கோ ஏதோ தவறியிருக்கிறது. டெமுக்ஸில், உச்ச அளவை மீறும் தடத்தை மட்டும் மென்பொருளே தணித்துவிடும் அமைப்பு வழக்கமாகவே இயங்குவதால், தடங்களுக்கிடையிலான ஒலியளவு விகிதம் குலையக்கூடும்; மூலத்தின் ஒலியளவைச் சற்றுக் குறைத்துவிட்டுப் பிரித்தால் இந்தத் தொல்லை வராது.

பிரிப்பதற்கு முன்பே இரைச்சலை நீக்குதல்

நாடா இரைச்சலைத் துடைத்தெடுக்கும்போது சல்லரியின் ஓசையும் மெய்யெழுத்துகளின் கூர்மையும் சேர்ந்தே போய்விடும். முதலில் பிரியுங்கள், பின்னர் குரல் தடத்தில் மட்டும் மெல்லிதாக நீக்குங்கள்.

மொனோப் பதிவில் பழைய குரல் நீக்கும் உத்தி

ஒரு பக்க ஒலியிலிருந்து மறுபக்க ஒலியைக் கழிக்கும் உத்தி, குரல் நடுவில் அமைந்த ஸ்ரீரியோப் பாட்டுக்கே உதவும். அங்கேகூட நடுவில் உள்ள பாஸும் சேர்ந்து கழிந்துவிடும். இரண்டு பக்கமும் ஒன்றேயான மொனோக் கசற்றில் மிஞ்சுவது வெறும் அமைதி.

தனியாக ஒலிக்கவிட்டுத் தீர்ப்பளித்தல்

பிரித்த குரலைத் தனியே கேட்டால் தண்ணீருக்குள்ளிருந்து வருவது போன்ற சலசலப்பு இருக்கத்தான் செய்யும். வாத்தியத்தோடு சேர்ந்ததும் அதில் பெரும் பகுதி மறைந்துவிடும். இது பொறுக்காமல் பிரித்த குரலையே மறுபடியும் மறுபடியும் மென்பொருளுக்குள் போடுவோர், ஒவ்வொரு சுற்றிலும் குரலில் கொஞ்சத்தை இழக்கிறார்கள்.

எம்பி3 ஆகச் சேமித்தல்

வேண்டாம். கோப்பின் தொடக்கத்தில் சிறு அமைதி சேர்ந்து தடங்கள் விலகும். வேவ் (WAV) கோப்பு போதும், தாராளமாகப் போதும்.

கசற் முழுவதையும் ஒரே கோப்பாகப் போடுதல்

கிராபிக்ஸ் அட்டை இல்லாத கணினியில் டெமுக்ஸுக்குப் பாட்டின் நீளத்தைப் போல ஏறக்குறைய ஒன்றரை மடங்கு நேரம் எடுக்கும். 90 நிமிடக் கசற் என்றால் இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் ஆகும். இடையில் மின்சாரம் போனால் தொடக்கத்திலிருந்து வர வேண்டியதுதான். கூத்தில் பாட்டு நின்று வசனம் வரும் இடம் பார்த்து வெட்டுங்கள். பாடிக்கொண்டிருக்கும்போது வெட்டினால், பின்னர் ஒட்டும் இடத்தில் குரலின் நிறம் மாறுவது காதுக்குத் தெரியும்.